பி3 படக் கோப்பு கன்சோலில் சரியாகத் தெரியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெட்பிபிஎம் என்பது எளிய படக் கோப்பு வகைகளின் குடும்பம். அதன் எழுத்து வடிவக் கோப்புகளை நோட்பேடில் திறந்தாலே படித்துவிடலாம். முதலில் வகைக் குறி, பிறகு அகலம், உயரம், உச்ச மதிப்பு (ஒரு நிற எண் எட்டக்கூடிய மிகப் பெரிய அளவு), அதன்பின் வரிசையாகப் பிக்சல் எண்கள். அவ்வளவுதான். இந்தக் கோப்பைப் படித்துக் கன்சோலில், அதாவது டெர்மினல் சாளரத்தில், படமாகக் காட்டும் நிரலை எழுதிப் பழகுபவர்கள் பலரும் இதில் கைவைப்பதற்கு அதுவே காரணம். மாட்டிக்கொள்ளும் இடங்களும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெயரில் ஒரு தொல்லை உண்டு. கறுப்பு வெள்ளை வகை, வண்ண வகை இரண்டின் பெயரையும் தமிழில் எழுதினால் 'பிபிஎம்' என்றே வந்து நிற்கும். அதனால் இங்கே வகைக் குறியை வைத்தே பேசுவோம். பி1 கறுப்பு வெள்ளை, பி2 சாம்பல், பி3 வண்ணம் (ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்). இவை மூன்றும் எழுத்து வடிவம். பி4, பி5, பி6 என்பவை அதே மூன்றின் பைனரி வடிவம். நிஜக் கோப்பில் 'பி' என்பது ஆங்கிலப் பெரிய எழுத்து. விளக்கம் சி மொழியை ஒட்டிப் போகிறது. சி++, பைத்தான் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்கள் படத்தை ஒதுக்கி வையுங்கள். கீழே உள்ள 6 பிக்சல் படத்தைக் கையால் தட்டிச் சேமியுங்கள்.

பி3
3 2
255
255 0 0   0 255 0   0 0 255
255 255 0   0 0 0   255 255 255

மேல் வரிசையில் சிவப்பு, பச்சை, நீலம். கீழ் வரிசையில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை. அகலமும் உயரமும் வேண்டுமென்றேதான் வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. 4×4 சதுரப் படத்தை வைத்துச் சோதித்தால் பாதிப் பிழைகள் கண்ணில் படாது.

இப்போது நிறம் காட்டும் பகுதியை நிறுத்திவிட்டு, படித்த எண்களை மட்டும் பிழை வெளியீட்டில் அச்சிடுங்கள்: அகலம், உயரம், உச்ச மதிப்பு, படித்த எண்களின் எண்ணிக்கை, முதல் 9 எண்கள். வரவேண்டியது 3, 2, 255, 18, பிறகு 255 0 0 0 255 0 0 0 255.

- எண்கள் தவறு என்றால் கோளாறு படிக்கும் பகுதியில். 1 முதல் 6 வரை பாருங்கள்.
- எண்கள் சரி, படம்தான் தவறு என்றால் 7 முதல் 12 வரை பாருங்கள்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நிறக் குறிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் நேரம் போகிறது. கண்ணுக்குத் தெரிவது திரை என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் படிக்கும் பகுதிதான்.

## 1. கோப்பே திறக்கவில்லை

கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் திருப்பித் தந்த சுட்டி வெற்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பிஎரர் கொண்டு காரணத்தை அச்சிடுங்கள். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதும் 'அனுமதி இல்லை' என்பதும் வேறு வேறு நோய்கள்.

கோப்பு இல்லை என்று வந்தால்: பாதை தேடப்படுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில் அல்ல, நிரல் ஓடத் தொடங்கிய ஃபோல்டரில். விஷுவல் ஸ்டுடியோவில் இயங்குகோப்பு டீபக் ஃபோல்டரில் உருவாகும். ஆனால் எஃப்5 அழுத்தி ஓட்டும்போது வழக்கமான தொடக்க இடம் ப்ராஜெக்ட் ஃபோல்டர். நிரல் ஓடும் இடத்தின் பாதையை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

அடுத்து, பெயரின் வால். விண்டோஸ் கோப்பு வகையை மறைத்து வைப்பதால், நோட்பேடில் சேமித்த கோப்பின் கடைசியில் 'டெக்ஸ்ட்' வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் வகைப் பெயரைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பின்சாய்வுக் கோடு. சி சரத்துக்குள் பின்சாய்வை அடுத்து 'என்' வந்தால் புதுவரி, 'டி' வந்தால் டேப். பாதையில் முன்சாய்வு போடுங்கள். விண்டோஸும் ஏற்றுக்கொள்ளும்.

## 2. கோப்பு திறக்கிறது, ஆனால் 'இது பி3 இல்லை' என்று நிரல் மறுக்கிறது

எடிட்டரில் பார்த்தால் பி3 என்றுதான் இருக்கும். எடிட்டரை நம்பாதீர்கள், பைட்களைப் பாருங்கள். முதல் 8 பைட்களை எண்களாக அச்சிட்டால் போதும். சரியான கோப்பு 80 51 என்று தொடங்கும்.

80 51 13 10: வரி முடிவு விண்டோஸ் பாணி. முழு வரியையும் எடுத்துப் பி3 என்ற சரத்தோடு ஒப்பிட்டால், கடைசியில் ஒட்டியிருக்கும் 13 காரணமாகப் பொருந்தாது. முதல் இரண்டு எழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

239 187 191 80 51: யுடிஎஃப்-8 கோப்பின் முன்னால் வரும் பைட் வரிசைக் குறி (பிஓஎம்). 'பிஓஎம் இல்லாமல்' என்ற தேர்வோடு மறுபடி சேமியுங்கள். நிரலிலேயே சமாளிக்க வேண்டுமானால் அந்த மூன்று பைட்டையும் தாண்டிவிட்டுத் தொடங்கலாம்.

255 254 80 0 51 0: யுடிஎஃப்-16. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் ஒரு நிரலின் வெளியீட்டை > குறியால் கோப்புக்குத் திருப்பினால் இப்படித்தான் வரும். அந்த வேலையைப் பழைய கட்டளைச் சாளரத்தில் செய்யுங்கள், அல்லது நிரலையே நேரடியாகக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பி6 போன்ற பைனரிக் கோப்பு இந்த வழியில் வந்திருந்தால் அதைத் திருத்த முயலாதீர்கள். பைட்கள் சிதைந்திருக்கும், மூலத்திலிருந்து மறுபடி எடுப்பதுதான் வழி.

80 54: நிரல் சொல்வது சரி. இது பி6, பைனரி. படங்களை வகை மாற்றும் கருவியான இமேஜ்மேஜிக் தானாக எழுதுவது இந்த வகையைத்தான். எழுத்து வடிவம் வேண்டுமானால் 'கம்ப்ரெஸ்' விருப்பத்துக்கு 'நன்' என்று கொடுக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் ஏற்றுமதி செய்யும்போது ராவா (பைனரி), ஆஸ்கியா (எழுத்து வடிவம்) என்று கேட்கும். ஆஸ்கியைத் தேர்ந்தெடுங்கள். நெட்பிபிஎம் கருவிகளில் 'ப்ளெய்ன்' என்றொரு பொது விருப்பம் உண்டு.

பி6-ஐயும் படிக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம். கோப்பைப் பைனரி முறையில் திறக்க வேண்டும். விண்டோஸில் எழுத்து முறையில் திறந்தால் 13 10 என்ற ஜோடி 10 ஆகச் சுருங்கும், 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்ததாகவே கருதப்படும். இரண்டாவது, உச்ச மதிப்புக்குப் பிறகு ஒரே ஒரு இடைவெளி பைட்டை மட்டும் தாண்ட வேண்டும். கோப்பிலிருந்து எண்களைப் படிக்கும் எஃப்ஸ்கேன்எஃப்-இன் வடிவச் சரத்தின் கடைசியில் ஒரு வெற்றிடம் வைத்துவிட்டால், 9 முதல் 13 வரையும் 32-ம் ஆன பிக்சல் மதிப்புகளை அது இடைவெளி என்று நினைத்து விழுங்கிவிடும்.

## 3. அகலமும் உயரமும் விசித்திரமாக வருகின்றன, அல்லது நிரல் உறைந்து நிற்கிறது

கையால் எழுதிய கோப்பு ஒழுங்காக ஓடுகிறது, கிம்ப் தந்த கோப்பில் மட்டும் 32767 போல ஏதோ வருகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். காரணம் # குறி.

வகைக் குறிக்குப் பின்னால் # தொடங்கி வரி முடியும் வரை உள்ள எல்லாம் குறிப்புரை. கிம்ப் இரண்டாவது வரியில் தன் பெயரைப் போட்டுவிடும். எஃப்ஸ்கேன்எஃப் எண்ணைத் தேடிப் போய் # குறியில் முட்டி நிற்கும். திருப்பித் தரும் மதிப்பு 0. மாறிகளில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. அவற்றில் முன்பே கிடந்த குப்பையைத்தான் நீங்கள் அகலம் என்று பார்க்கிறீர்கள்.

'கோப்பு முடியும் வரை படி' என்று லூப் எழுதியிருந்தால் இன்னும் மோசம். # நகராது, கோப்பும் முடியாது, லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். பிராசஸர் ஒரு கோர் முழுவதையும் தின்றுகொண்டு நிரல் அசையாமல் நின்றால் இதுதான்.

தற்காலிக வழி: எடிட்டரில் அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியானால் நோய் உறுதி.

அரைகுறை வழி, வேண்டாம்: 'இரண்டாவது வரி # குறியில் தொடங்கினால் அதைத் தாண்டு' என்று எழுதுவது. குறிப்புரை இரண்டு வரி இருக்கலாம். '3 2' என்ற வரியின் கடைசியில் இருக்கலாம். அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவிலேகூட வரலாம். வகைக் குறி முதல் உச்ச மதிப்பு வரை எல்லாம் ஒரே வரியில் இருப்பதும் செல்லும். வரி வரியாகப் படிக்கும் எந்த நிரலும் என்றாவது ஒருநாள் இதில் விழும்.

சரியான வழி: 'அடுத்த எண்ணைக் கொடு' என்று ஒரே ஒரு செயற்கூறு எழுதுங்கள். அகலம், உயரம், உச்ச மதிப்பு, பிக்சல் எல்லாவற்றுக்கும் அதையே கூப்பிடுங்கள். அது செய்ய வேண்டியது:

1. ஒரு எழுத்தை எடு. வெற்றிடம், டேப், 13, 10 எதுவானாலும் தாண்டு.
2. # என்றால் 10 அல்லது 13 வரும் வரை தாண்டிவிட்டு 1-க்குத் திரும்பு.
3. கோப்பு முடிந்தால் தோல்வி என்று சொல்லித் திரும்பு.
4. இலக்கம் அல்லாத வேறு எது வந்தாலும் தோல்வி. அந்த எழுத்தையும், அது கோப்பில் எத்தனையாவது பைட் என்பதையும் அச்சிடு.
5. இலக்கம் என்றால், இலக்கங்கள் தீரும் வரை முந்தைய மதிப்பை 10-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போ.
6. கடைசியாக எடுத்த, இலக்கம் அல்லாத எழுத்தைத் திரும்பக் கோப்பிலேயே போடு.

ஆறாவது படியை விட்டுவிட்டால் '255#' என்று இடைவெளி இல்லாமல் வரும் குறிப்புரையின் தலை தொலைந்துபோய், மீதி எழுத்துகள் எண்ணாகப் படிக்கப்படும்.

இன்னொரு பொறி: கோப்பிலிருந்து ஒரு எழுத்தை எடுக்கும் எஃப்கெட்சி தருவது இன்ட். அதைச் சார் மாறியில் வாங்காதீர்கள். சார் குறியில்லாத (எதிர்மறை எண் கொள்ளாத) வகையாக இருக்கும் கணினிகளில் (ஏஆர்எம் லினக்ஸ் அப்படித்தான்) கோப்பு முடிவைக் குறிக்கும் -1 வந்ததே தெரியாமல் 255 ஆகிவிடும், லூப் முடியாது. மேசைக் கணினியில் ஓடிய அதே நிரல் ராஸ்பெர்ரி பையில் தொங்குவதற்கு இது நல்ல சந்தேகம்.

தலைப்புப் பகுதிக்கு வெளியே, பிக்சல்களுக்கு நடுவிலும் சிலர் # எழுதி வைத்திருப்பார்கள். ஒரே செயற்கூறு எல்லாவற்றையும் படித்தால் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும். பைத்தானில் கோப்பு முழுவதையும் படித்து வெற்றிடத்தில் பிரிப்பவர்கள், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு வரியிலும் # முதல் கடைசி வரை வெட்டிவிட வேண்டும்.

## 4. எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

வரவேண்டியது அகலம் × உயரம் × 3. பி1, பி2 என்றால் அந்த × 3 இல்லை. பி1-இல் உச்ச மதிப்பும் கிடையாது. அதை எதிர்பார்த்து ஒரு எண்ணை விழுங்கினால் படம் முழுக்க ஒரு பிக்சல் இடப்பக்கம் நகர்ந்திருக்கும்.

ஒன்று அதிகம்: கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் வைத்து லூப் ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு வாசிப்பு தோற்ற பிறகுதான் அது உண்மை என்று சொல்லும். கோப்பின் கடைசியில் ஒரு புதுவரி இருந்தாலே ஒரு சுற்று கூடுதலாக ஓடி, பழைய எண்ணே இன்னொரு முறை சேரும். எத்தனை எண் வேண்டும் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குத்தான் லூப் ஓட வேண்டும்.

பி1-இல் மிகக் குறைவு: 0110 என்று இடைவெளியில்லாமல் எழுதினால் பி1-இல் அது நான்கு பிக்சல். எண் வாசிக்கும் செயற்கூறு அதை நூற்றுப் பத்து என்று எடுத்துக்கொள்ளும். பி1-க்கு மட்டும் ஒவ்வொரு இலக்கமாக வாங்குங்கள்.

பி3-இல் குறைவு: கோப்பே பாதியில் நின்றிருக்கலாம். கடைசி வரியைத் திறந்து பாருங்கள். மீதியைக் கறுப்பால் நிரப்பிக் காட்டுவது தவறில்லை, ஆனால் எத்தனை எண் குறைந்தது என்று எச்சரிக்கை அச்சிடுங்கள். இல்லாத பிக்சலை எந்த நிரலும் கொண்டுவராது. கொடுத்தவரிடம் மறுபடி கேளுங்கள்.

## 5. 255 இருக்க வேண்டிய இடத்தில் 50, 53, 53

சி++ எழுதுபவர்களின் தனிச் சொத்து இது. மாறி அன்சைன்ட் சார் (1 பைட் வகை), வாசிப்பது >> குறியால். அப்போது சி++ வாசிப்பது எண்ணை அல்ல, ஒரு எழுத்தை. '2' என்ற எழுத்தின் குறியீடு 50, '5' என்றால் 53. 255 என்ற ஒரே எண் மூன்று மதிப்பாகப் பிரிந்துவிடும். மதிப்புகள் எல்லாம் 48 முதல் 57-க்குள் சிக்கியிருப்பதால், படம் ஒரே மாதிரி மங்கலான சாம்பலாகத் தெரியும். இன்ட் மாறியில் வாங்கி, பிறகு மாற்றி வையுங்கள்.

## 6. நிரல் செத்துப்போகிறது

சின்னப் படம் ஓடுகிறது, பெரிய படத்தில் உடனே சாகிறது: அரேயைச் செயற்கூறுக்குள் அறிவித்திருக்கிறீர்கள், அது ஸ்டாக் என்ற அளவு குறைந்த நினைவகப் பகுதியில் உட்காருகிறது. 1920×1080×3 என்றால் 62,20,800 பைட். விண்டோஸில் வழக்கமான ஸ்டாக் 1 எம்பி, லினக்ஸில் பொதுவாக 8 எம்பி. இன்ட் அரேயாக இருந்தால் இதே படம் 2,48,83,200 பைட் கேட்கும், லினக்ஸும் தாங்காது. மாலோக் அல்லது வெக்டர் பயன்படுத்துங்கள்.

படம் சரியாகத் தெரிகிறது, முடியும் நேரத்தில் சாகிறது: இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அன்சைன்ட் சார் அரேக்குள் %டி கொண்டு நேராக வாசித்தால், ஒவ்வொரு வாசிப்பும் 1 பைட்டுக்குப் பதில் 4 பைட் எழுதும். நாம் புழங்கும் கணினிகளில் சிறிய பைட் முதலில் வருவதால் சரியான மதிப்பு சரியான இடத்தில் விழும், அடுத்த மூன்று இடத்தில் 0 விழும். அந்த 0-க்கள் மேல் அடுத்தடுத்த வாசிப்புகள் எழுதிவிடுவதால் தடயமே இருக்காது. கடைசி எண் மட்டும் மாட்டும். நம் 18 பைட் அரேயில் பதினெட்டாவது எண் எழுதப்படும்போது அரேக்கு வெளியே 3 பைட் கெடுகிறது. பக்கத்தில் இருந்த மாறி திடீரென்று 0 ஆகும், அல்லது நினைவகத்தை விடுவிக்கும்போது நிரல் விழும். கம்பைலர் எச்சரிக்கைகளை முழுதாகப் போட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். தீர்வு இன்ட்டில் வாங்குவது, அல்லது %ஹெச்ஹெச்யு.

எங்கோ கிடைத்த கோப்பில் மட்டும் சாகிறது: அகலமும் உயரமும் நம்பத் தகுந்தவைதானா என்று பாருங்கள். 30000×30000×3 என்பது 270 கோடி. 32 பிட் இன்ட்டின் உச்சம் 214 கோடியே சொச்சம். பெருக்கல் வழிந்து எதிர்மறை ஆகும். சைஸ்_டி வகையில் பெருக்குங்கள், உங்களுக்கு ஒத்துவரும் ஒரு மேல் எல்லை வைத்து அதற்கு மேல் போனால் மறுத்துவிடுங்கள். உச்ச மதிப்பு 1 முதல் 65535 வரைதான் இருக்கலாம். 0 வந்தால் பின்னால் வகுக்கும் இடத்தில் நிரல் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாகிறதா? கண்ணால் தேடுவதை நிறுத்துங்கள். அட்ரஸ் சானிடைசர் போட்டுக் கம்பைல் செய்யுங்கள், அல்லது வால்கிரைண்டில் ஓட்டுங்கள். எந்த வரியில் எல்லை தாண்டியது என்று அதுவே சொல்லும். அந்த அறிக்கையும் புரியவில்லை என்றால் அனுபவமுள்ள ஒருவரிடம் அறிக்கை, 6 பிக்சல் கோப்பு, படிக்கும் செயற்கூறு மூன்றையும் கொடுங்கள். முழு நிரலையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

## 7. எண்கள் சரி, திரையில் நிறத்துக்குப் பதில் '[48;2;255;0;0' என்று எழுத்தாக வருகிறது

நிறக் குறியின் அமைப்பு: எஸ்கேப் பைட் (27), சதுர அடைப்பு, 48;2;சிவப்பு;பச்சை;நீலம், கடைசியில் ஆங்கிலச் சிறிய 'எம்'. 48 பின்புலத்துக்கு, 38 எழுத்துக்கு.

முதலில் எஸ்கேப் பைட்டைப் பாருங்கள். சரத்தில் பின்சாய்வு 033 என்று எண் வடிவில் எழுதுங்கள். பின்சாய்வு 'இ' என்ற சுருக்கம் எல்லாக் கம்பைலரிலும் செல்லாது. அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டிருக்கிறீர்களா, 'எம்' விட்டுப்போனதா என்றும் பாருங்கள்.

விண்டோஸில் பழைய கன்சோல் சாளரம் என்றால் இந்தக் குறிகளைப் புரிந்துகொள்ளும்படி நிரல்தான் சொல்ல வேண்டும். கெட்கன்சோல்மோட் கொண்டு இப்போதைய நிலையை வாங்கி, அதோடு 4 என்ற பிட்டைச் சேர்த்து, செட்கன்சோல்மோடுக்குக் கொடுங்கள். சேர்க்க வேண்டும். வெறும் 4 மட்டும் கொடுத்தால் மற்ற அமைப்புகள் அணைந்துவிடும். விண்டோஸ் 10-க்கு முந்தையவற்றில் இந்த வசதியே இல்லை. அங்கே எழுத்துப் படத்தோடு (பகுதி 12) நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி அதை எடிட்டரில் திறந்து பார்த்தால் குறிகள் தெரியத்தான் செய்யும். அது கோளாறு இல்லை.

## 8. படம் முழுக்கக் கறுப்பு, அல்லது வெறும் எட்டே நிறம்

உச்ச மதிப்பு 255 அல்லாத கோப்பு. 15 என்றிருந்தால் பளிச் வெள்ளையே 15தான். அதை 255-க்கு நீட்டாமல் காட்டினால் கறுப்பாகத்தான் இருக்கும்.

நீட்டும் கணக்கில் பெருக்கல் முதலில், வகுத்தல் பிறகு: மதிப்பு × 255 ÷ உச்ச மதிப்பு. வரிசையை மாற்றினால் முழு எண் வகுத்தல் உச்சத்துக்குக் கீழான எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும். ஒவ்வொரு நிறமும் 0 அல்லது 255, ஆக மொத்தம் எட்டு நிறம். நம் 6 பிக்சல் படம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அதில் இருப்பதே 0-ம் 255-ம்தான். ஒரு எண்ணை 128 ஆக்கிச் சோதியுங்கள்.

பி1-இல் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருந்தால் நீங்கள் 1-ஐ வெள்ளை என்று எடுத்திருக்கிறீர்கள். பி1-இல் 1 கறுப்பு. பி2-இல் 0 கறுப்பு. முரணாகத் தோன்றினாலும் அதுதான் விதி.

## 9. படம் சாய்கிறது, நிறங்கள் இடம் மாறுகின்றன

சோதனைப் படத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

- கீழ் வரிசை நீலம், மஞ்சள், கறுப்பு: வரிசையை அகலத்தால் பெருக்காமல் உயரத்தால் பெருக்கியிருக்கிறீர்கள். சரியான இடம் (வரிசை × அகலம் + நிரல்வரிசை) × 3.
- மேலே சிவப்பு, கறுப்பு, நீலம், கீழே பச்சை, சிவப்பு, கறுப்பு: அந்த × 3 விட்டுப்போயிருக்கிறது.
- மேலே நீலம், பச்சை, சிவப்பு, கீழே மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்நீலம்: சிவப்பும் நீலமும் மாறிவிட்டன.
- மூன்று வரிசை, இரண்டு நிரல்வரிசை: லூப் எல்லைகள் இடம் மாறியுள்ளன.

பெரிய படம் மூலைவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோ இரண்டோ பிக்சல் தவறுகிறது. மறுபடி 4-ஐப் பாருங்கள்.

நிறங்கள் இடத்தில் இருக்கின்றன, சாயல் மட்டும் ஒட்டவில்லை என்றால் டெர்மினல் 24 பிட் நிறத்தை ஏற்காமல் இருக்கலாம். கலர்டெர்ம் என்ற சூழல் மாறியில் 'ட்ரூகலர்' என்றோ '24பிட்' என்றோ இருக்கிறதா பாருங்கள். ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் டிமக்ஸ் நடுவில் இருந்தால் அதற்கு வெளியே ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் 256 நிறத்துக்கு இறங்குங்கள்: ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 5 வரை குறுக்கி, 16 + 36 × சிவப்பு + 6 × பச்சை + நீலம். குறியில் 48;2-க்குப் பதில் 48;5. முழுச் சிவப்பு 196, பச்சை 46, நீலம் 21 என்று வந்தால் கணக்கு சரி.

## 10. படம் நெடுக நீள்கிறது, வரி உடைகிறது, நிறம் ஓரத்துக்கு வழிகிறது

டெர்மினலில் ஒரு எழுத்தின் கட்டம் அகலத்தைப் போல் சுமார் இரு மடங்கு உயரம். ஒரு பிக்சலுக்கு இரண்டு வெற்றிடம் அச்சிட்டால் சதுரமாகும். இடம் மிச்சம் வேண்டுமானால் ▀ என்ற மேல்பாதிக் கட்டம்: எழுத்து நிறத்தில் மேல் பிக்சல், பின்புலத்தில் கீழ் பிக்சல். உயரம் ஒற்றைப்படை என்றால் கடைசி வரிசைக்குக் கீழே பிக்சல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கட்டத்துக்குப் பதில் மூன்று விநோத எழுத்து வந்தால், விண்டோஸ் கன்சோலின் குறியீட்டுப் பக்கத்தை 65001 ஆக்குங்கள்.

வரி உடைகிறது என்றால் படம் சாளரத்தைவிட அகலம். 80 நெடுவரிசையில் பிக்சலுக்கு இரண்டு வீதம் 40 பிக்சல்தான் கொள்ளும். 640×480 படத்தை 16-ஆல் குறுக்கினால் 40×30. 16×16 கட்டத்தின் சராசரியை எடுங்கள். பதினாறில் ஒன்றைப் பொறுக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும்.

நிறம் வலது ஓரம்வரை வழிந்தால், ஒவ்வொரு வரி முடிவிலும் புதுவரிக்கு முன்னால் நிறத்தைக் கலைக்கும் குறி (எஸ்கேப், சதுர அடைப்பு, 0, எம்) போடுங்கள். புதுவரிக்குப் பின்னால் போட்டால் பயனில்லை.

## 11. மிக மெதுவாக வருகிறது

ஒரு நிறக் குறி அதிகபட்சம் 19 பைட், இரண்டு வெற்றிடம் சேர்த்து 21. 640×480-ஐ அப்படியே அச்சிட்டால் 64 லட்சம் பைட்டைத் தாண்டக்கூடும். முதலில் குறுக்குங்கள். பிறகு முந்தைய பிக்சலின் நிறமே என்றால் குறியை மறுபடி அனுப்பாதீர்கள். சி++-இல் வரியை முடிக்கும் எண்டிஎல் ஒவ்வொரு முறையும் பஃபரைக் காலி செய்யும், அதற்குப் பதில் வெறும் புதுவரி எழுத்து. ஒரு வரியைச் சரமாகக் கட்டி ஒரே தடவையில் எழுதுவது இன்னும் நல்லது.

## 12. எழுத்துகளால் வரைந்த படத்தில் சில வரிகள் மட்டும் குட்டையாகின்றன

சாம்பல் மதிப்பு (299 × சிவப்பு + 587 × பச்சை + 114 × நீலம்) ÷ 1000. அதை ' .:-=+*#%@' என்ற பத்து எழுத்து வரிசையில் ஒன்றாக மாற்றுகிறீர்கள். மதிப்பு × 10 ÷ 255 என்று எழுதியிருந்தால், 255 வரும்போது விடை 10. வரிசையின் இடங்கள் 0 முதல் 9 வரைதான். 10 என்ற இடத்தில் இருப்பது சரத்தை முடிக்கும் வெற்று எழுத்து. பெரும்பாலான டெர்மினல்கள் அதைக் காட்டாமல் விட்டுவிடும், அந்த வரி ஓர் எழுத்து குறையும். தூய வெள்ளைப் பிக்சல் உள்ள வரிகளில் மட்டுமே நடப்பதால் காரணம் பிடிபடாது. மதிப்பு × 10 ÷ 256 என்று மாற்றுங்கள்.

படம் நெகட்டிவ் போலத் தெரிந்தால் உங்கள் டெர்மினலின் பின்புலம் வெள்ளை. எழுத்து வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

## 13. என் கோப்பில் எல்லாம் சரி, வெளியிலிருந்து வரும் கோப்புகளில்தான் தினம் ஒரு கோளாறு

இந்த நிலையில் சொந்த வாசிப்பானைத் தைத்துக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது. நெட்பிபிஎம்மோடு வரும் நூலகம் ஆறு வகையையும் படிக்கும். எஸ்டிபி இமேஜ் நூலகத்தைப் பிடிப்பவர்கள் கவனிக்க: அது பைனரி பி5, பி6 மட்டும்தான் படிக்கும். எழுத்து வடிவப் பி3-ஐக் கொடுத்தால் கைவிரித்துவிடும். அதை வைத்துக்கொள்வதானால் முன்னதாக இமேஜ்மேஜிக்கில் பி6 ஆக மாற்றும் படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.